வாலுக்கு வந்த பாகப்பிரிவினை

அந்தக் கிளினிக்கின் வாசல் பலகையில் இரண்டு தலைகளும் ஒரு வாலும் இருந்தன. மேல் வரியில் ‘ஓட்டோரைனோலாரிங்’, கீழ் வரியில் ‘ஆப்தால்ம்’, இரண்டுக்கும் பொதுவாக வலப்பக்கம் பெரிதாக ‘ஆலஜிஸ்ட்’. எல்லாம் பித்தளையில் செய்த இங்கிலீஷ் எழுத்துகள். இரண்டு பேருக்கும் முழுதாக அடுத்தடுத்துப் போட்டால் பலகை பக்கத்துச் சலூன்வரை போய்விடும் என்பதால் செய்த ஏற்பாடு.

டாக்டர்கள் இருவரும் அண்ணன் தம்பி. பெரியவன் கண் பார்க்கிறவன். சின்னவன் காது, மூக்கு, தொண்டை. கூடத்தில் மேசை போட்டு டோக்கன் கொடுக்கிறவள் அவர்களுடைய அக்கா. யாராவது பலகையைப் பார்த்து மிரண்டு நின்றால் அவளே பிரித்துச் சொல்வாள்:

“ஓட்டோன்னா காது, ரைனோன்னா மூக்கு, லாரிங் தொண்டை. ஆப்தால்ம்னா கண்ணு. ஆலஜிஸ்ட்னா அதைக் கரைச்சுக் குடிச்சவன். அவ்வளவுதாங்க, பயப்படாதீங்க.”

அகராதியைப் புரட்டிப் புரட்டித் தானே கற்றது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வினை அந்த மேல் வரி கீழ் வரியில்தான் வந்தது. கண் காட்ட வந்த ஒரு முதியவர், “மேல இருக்கிறவர் பெரிய டாக்டர், நீங்க அவர்கிட்ட அசிஸ்டென்டா தம்பி?” என்று கேட்டுவிட்டார். பெரியவனுக்குச் சுருக்கென்றது. தன்னுடையதை மேலே ஏற்றச் சொன்னான். நீளமானதுதான் மேலே இருக்கும், இல்லாவிட்டால் பலகை பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றான் சின்னவன். ஒன்றுக்கு இரண்டு பேச, பேச்சே நின்றுபோயிற்று.

பத்தொன்பது நாள். இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, “அக்கா, அவனை ஃபேனை நிறுத்தச் சொல்லு” என்பான் ஒருவன். “நிறுத்த முடியாதுன்னு சொல்லுக்கா” என்பான் மற்றவன். அக்கா தபால் பெட்டியாகிப்போனாள்.

கடைசியில் தச்சர் வந்துவிட்டார். கூடத்தின் நடுவே பலகைச் சுவர் எழுப்புவதாக ஏற்பாடு. அதற்காக அவர் போட்ட சுண்ணாம்புக் கோடு நேராக வந்து அக்காவின் மேசையை இரண்டாக வெட்டிக்கொண்டு போயிற்று.

“நீ என் பக்கம் வந்துடுக்கா” என்றான் பெரியவன்.

“எங்கிட்ட வராம எங்கே போவா?” என்றான் சின்னவன், எதிர்ச்சுவரைப் பார்த்து.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அதை எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு தம்பி கைவிட்டுப் போவான்.

தச்சர் வாசலுக்குப் போய் முதலில் தலைகளைக் கழற்றி அவரவர் கதவருகே வைத்தார். வாலைத் தொட்டதும் இரண்டு குரல்.

“அது என்னுது!”

“அது எப்படி அவனுது ஆகும்?”

“ஓ, எல், ஓ, ஜி, ஐ, எஸ், டி. ஏழு எழுத்து இருக்கு சார்” என்றார் தச்சர். “ஆளுக்கு ஒரு ஓ கொடுத்துடலாம். மிச்சம் அஞ்சுல ஒண்ணை அறுக்கணும். எதை அறுக்கட்டும்?”

“என் கழுத்தை அறு” என்றாள் அக்கா. “அது அங்கேயே கிடக்கட்டும். சாப்பிட்டுட்டு வாப்பா.”

தச்சர் போனார். பலகையில் ‘ஆலஜிஸ்ட்’ மட்டும் தனியாக நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வந்தார். “ஜோசியர் இருக்காருங்களா? போர்டுல அஸ்ட்ர் மட்டும் உதிர்ந்துபோச்சு போல.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்த அக்கா, இரண்டு மூடிய கதவுகளையும் பார்த்தாள். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு டோக்கனைக் கிழித்து நீட்டினாள். “ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேர்கிட்டயும் காட்டுங்க.”

மெக்கானிக் பெரியவனிடம் போய் உள்ளங்கையை நீட்டினார். பெரியவன் கையைத் தள்ளிவிட்டு மோவாயைக் கருவியில் வைக்கச் சொன்னான். நவீன ஜோசியம் போலிருக்கிறது என்று அவரும் வைத்தார். அடுத்து சின்னவனிடம் போனார். அரைமணி கழித்துக் கூடத்துக்கு வந்தவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

“அம்மா, இந்த மாதிரி ஜோசியம் நான் கண்டதில்லை! அந்த ரூம்காரர் கண்ணைப் பார்த்தே சர்க்கரை இருக்கும்போல, அம்மாவுக்கு இருந்துச்சான்னு கேக்குறார். இருந்துச்சே! இந்த ரூம்காரர் தொண்டையைப் பார்த்துட்டு, பலமா குறட்டை விடுவீங்களே, வீட்டுல வேற ரூமுக்குப் போயாச்சான்னு கேக்குறார். போன வாரம்தாங்க போனா! ஆனா ஒண்ணு, வேலை மாத்தல் எப்போ வரும்னு மட்டும் ரெண்டு பேரும் சொல்லமாட்டேங்குறாங்க.”

இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறந்தன.

“டேய், உன்கிட்டயும் கையை நீட்டினாரா?”

“நாக்கை நீட்டுங்கன்னேன். கையை நீட்டினாருண்ணா!”

பெரியவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சின்னவன் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அசைந்தால் எங்கே கலைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெக்கானிக்கை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய இடத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவருக்கு ஏமாற்றம்தான்.

தச்சர் ஏப்பம் விட்டபடி திரும்பிவந்தார். “சுவரைத் தொடங்கட்டுமா?”

“முதல்ல போர்டை மாட்டுய்யா” என்றான் பெரியவன். “அவனுது நீளம். மேலயே இருக்கட்டும்.”

“அதெல்லாம் வேண்டாம், அண்ணனுது மேல போடு.”

“சொன்னா கேளுடா, பார்க்க அசிங்கமா இருக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டும். நீ பெரியவன்.”

“இப்ப மட்டும் தெரிஞ்சுதா பெரியவன்னு?”

“ஆமா, இப்பதான் தெரிஞ்சுது, என்ன இப்போ?”

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நடுவில் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவள் நனைத்த துணியை எடுத்து மேசைமேல் ஓடிய சுண்ணாம்புக் கோட்டை அழுத்தித் துடைத்தாள். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.