துருசுச் சாக்கு

பத்து மாதம் கழித்துக் குழியைத் திறந்தபோது நாற்றமே அடிக்கவில்லை. செல்லக்கனிக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது. தேங்காய்ப்பட்டணத்துக் காயலோரத்தில் கதம்பை என்னும் தேங்காய் மட்டை நாருக்காக ஊறும் குழி எதுவானாலும் கூமுட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். இவள் குழித் தண்ணீர் அடி தெரியக் கிடந்தது. ஒரு கதம்பையைக் கல்லில் வைத்துத் தடியால் அடித்தாள். தடி எகிறியது. தோல் உரியவில்லை.

பதினைந்து வருடம் ஆபேல் முதலாளியின் களத்தில் கூலிக்குக் கதம்பை தல்லி நாரெடுத்தவள். "இனி எனக்க குழி, எனக்க கதம்பை" என்று போன வருடம் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருந்தாள். இது அழுகாவிட்டால் அதே களத்தில் போய் நிற்க வேண்டும்.

பக்கத்துக் குழி செசிலியுடையது. இரண்டு குழியிலும் ஒரே நாளில்தான் கதம்பை போட்டார்கள். அங்கே கதம்பை கையாலேயே நாராகப் பிரிந்தது.

"ஏட்டி, ஒனக்க குழியில சாமி குளிச்சாரோ? இம்புட்டு சுத்தமா கெடக்கு" என்றாள் செசிலி.

செல்லக்கனி மூடைகளைப் பிரித்தாள். மற்றவர்கள் கதம்பையைக் கயிற்று வலையில் கட்டித்தான் அமிழ்த்துவார்கள். இவள் சாக்கில் கட்டியிருந்தாள். குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் மருந்தடிக்கும் புருஷன் கிருஷ்ணமணி, சும்மா கிடைத்ததென்று நாற்பது சாக்கு கொண்டுவந்திருந்தான். தையல் மடிப்பில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது. சாக்கு போதாமல் கடைசி மூலையில் வலையில் கட்டிய ஒரு கட்டு மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது.

வீட்டிலிருந்த அவனைக் கூட்டிவந்து காட்டினாள். "இந்தச் சாக்குல என்ன இருந்துது?"

"துருசு. மயில்துத்தம்னும் சொல்லுவாவ. சுண்ணாம்போட கலக்கி மரத்துக்கு அடிப்போம். எலையில பூசணம் புடிக்காது."

"பூசணத்தக் கொல்லுமா?"

"அதுக்குத்தானே அடிக்கது."

"அப்போ எனக்க குழியவும் கொன்னு போட்டுது. கதம்பைய அழுக வைக்கது தண்ணி இல்ல. கறுத்த சேத்துல உசுரோட என்னமோ கெடக்கு. அதுக்கு நானே வெசம் வச்சிருக்கேன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் வேணும்னா ஆபேல்கிட்ட ஒனக்க வேலைக்குப் பேசுதேன்."

"நீங்க ஒண்ணும் பேசாண்டாம். தண்ணியில இறங்குங்க."

நான்கு நாள் ஆயிற்று. சாக்குகளை மேட்டில் புதைத்தார்கள். ஒவ்வொரு கதம்பையையும் காயலில் அலசினார்கள். தள்ளிப் போய் வேறு குழி வெட்டினார்கள். பிறகு அவள் செசிலியிடம் போனாள்.

"ஒனக்க குழிச் சேறு பத்துக் கூடை வேணும்."

"நாத்தத்துக்கும் ஆளு வந்தாச்சா? சும்மா தர மாட்டேன். எனக்க கதம்பைய தல்லித் தா."

"தல்லுதேன். கூலி தரணும்."

"சேறும் கூலியுமா?"

"சேற வாரினா ஒனக்க குழி ஆழமாவும். அதுக்கும் சேத்துக் கூலி நான் கேக்கல்லன்னு நெனச்சுக்க."

செசிலி சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னும் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். புதுக் குழியில் மார்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு கட்டின் மேலும் கறுத்த சேற்றை அப்பி, காலால் மிதித்து அமிழ்த்தினாள். கரையில் கிருஷ்ணமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அடுத்த கட்டு" என்று கையை நீட்டினாள்.