ஈரத்துணியின் மேல் வந்த பழி

பார்சல் அலுவலகத்தில் பதிவுக்கென்று இருந்தது ஒரே கணினி. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். ஏழெட்டுத் தடவை அணைத்துப் போட்டால் ஒரு தடவை எழும். அதற்குள் வாசலில் மூட்டைகளோடு வரிசை நீண்டுவிடும்.

பதிவு எழுத்தரான பெண் தினமும் கடவுளை நினைத்துக்கொண்டுதான் அழுத்துவாள். பழுது பார்ப்பவரும் இரண்டு முறை வந்தார். காதில் எப்போதும் திருப்புளியைச் செருகியிருப்பதால் அவருக்குத் திருப்புளி அண்ணன் என்றே பெயர். மின்கம்பியை மாற்றினார். உள்ளே ஒரு பலகையைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தினார். அவர் முன்னால் அது ஒழுங்காக ஓடியது. மாமனார் வந்தால் மட்டும் கைகட்டி நிற்கும் மாப்பிள்ளை மாதிரி என்றார்.

மேலாளர் வேறு காரணம் கண்டுபிடித்தார். தரை துடைக்கும் அக்கா விடுப்பு எடுத்த மறுநாளெல்லாம் கணினி முதல் அழுத்திலேயே எழுகிறது. அவர் வந்துபோன மறுநாள் படுத்துக்கொள்கிறது. ஆகவே ஈரத்துணிதான் எமன். இதை எல்லார் முன்னாலும் சொன்னார். துடைத்ததால் எதுவும் கெடவில்லை என்று அக்கா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்து, ஈரத்துணி கணினியில் பட்டதை நேரில் பார்த்ததாகக் கையெழுத்தும் போடும்படி எழுத்தரிடம் கூறினார். கடிதம் போனால் அக்காவின் பதினோரு வருட வேலை போய்விடும்.

"நான் பார்க்கல சார். பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அதான் பொருந்துதே. அவ வரலன்னா ஓடுது."

பொருந்துவதுதான் அவளையும் குடைந்தது. அன்று மாலை அக்கா வேலையை முடிக்கும்வரை கூடவே நின்றாள். தரை துடைத்தார், குப்பையைக் கட்டினார், கடைசியாக வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார். அவர் வராத நாட்களில் அதை அணைக்க யாருக்கும் நினைவிருந்ததில்லை.

"இத யாரு அணைக்கச் சொன்னது அக்கா?"

"சார்தான். ஒரு நாள் மறந்துட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

எழுத்தர் சுவிட்சின் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று ஒரு தாளை ஒட்டி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அது தன் உத்தரவுக்கு மாறானது என்றார் மேலாளர். தெரிந்துதான் ஒட்டினேன் என்றாள். பிறகு, காரணம் ஈரமா சுவிட்சா என்று பார்த்துவிட அக்காவைக் கூப்பிட்டு, மேசையடியில் இன்னொரு வாளித் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னாள்.

மறுநாள் கணினி முதல் அழுத்திலேயே எழுந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் வந்த திருப்புளி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படுத்து எழும்போது தேதி தப்பாகக் காட்டுமா என்றார். அவள் முகம் சுருங்கியது. காட்டும். எட்டு மாதமாக அவளே காலையில் திருத்திவந்தாள். இதற்குப் போய் யாரைத் தொந்தரவு செய்வது என்று சொல்லாமலே விட்டிருந்தாள்.

"காய்ச்சல மருத்துவர்கிட்டயே மறைச்சிருக்கீங்கம்மா."

பெட்டிக்குள்ளிருந்து காசு அளவில் ஒரு பேட்டரியை அவர் நெம்பி எடுத்தார். மின்சாரம் அடியோடு நின்றபின் தேதியையும் எழும் முறையையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அது செத்துப்போயிருந்தது. புதியதைப் போட்டு, மெயினை அணைத்து, கால் மணி நேரம் கழித்துப் போட்டார்கள். எழுந்தது.

பிறருக்குத் தொந்தரவு தராதிருப்பது நல்ல குணம்தான். ஆனால் அவளுடைய அந்த நல்ல குணத்தின் நிழலில்தான் ஓர் ஏழையின் மேல் பழி வளர்ந்திருக்கிறது. அவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"தேதி தப்பா வந்தத எட்டு மாசமா சொல்லாதது நான்தான் சார். கடிதம் எழுதணும்னா என் பேரப் போடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சரியாகிவிட்டதே, விட்டுத்தள்ளுங்கள் என்றார் அவர். அவள் நகரவில்லை.

"அக்காவ எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. தப்பு அவங்க மேல இல்லன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் சொல்லுவேன். நீங்க சொன்னா உங்களுக்கு மரியாதை."

மேலாளர் வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்களும் மூட்டை தூக்குபவர்களும் கேட்க, தொண்டையைச் செருமிக்கொண்டு, துடைத்ததால் எதுவும் கெடவில்லை என்றார். அக்கா கைவேலையை நிறுத்தவில்லை.

"அத நான் அன்னைக்கே சொன்னேனே சார். கொஞ்சம் தள்ளுங்க, நீங்க நிக்கிற இடம்தான் பாக்கி."

அவர் தள்ளி நின்றார்.