கேமராவுக்கு ஒரு மறியல்

டிவி நிருபர் பரணிதரன் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது மறியல் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. செட்டிகுளத்தில் ஒரு பிரமுகர் சால்வை வாங்கிக்கொள்வதைக் காலையெல்லாம் படம்பிடித்ததில் வந்த தாமதம்.

முந்தின நாள் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அந்த ஊர் வேணியின் புருஷனை அடித்துப் போட்டிருந்தது. ஊரே ரோட்டில் உட்கார, தாசில்தார் ஓடி வந்தார். பள்ளிக்கூடம் கூடும்போதும் விடும்போதும் இந்த வழியே லாரி வராது, மறுபடி மறித்தால் மட்டும் இந்தப் பேச்சு செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார். வேணியின் மகள் அந்த ரோட்டில்தான் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு உயிரைத் தராசில் வைத்து வேணி பேசி வாங்கியது அவ்வளவுதான்.

சென்னை ஆபீஸிலிருந்து போன் வந்தது. அடுத்த சேனலில் ஓடுகிறதாம், நம்மிடம் விஷுவல் எங்கே என்று கேட்டார்கள். அங்கே இருப்பவர்கள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற ரகம். முற்றின செய்தியைத் தொட மாட்டார்கள்.

மைக்கைக் கையில் வாங்கிய புதிதில் ஊழலைக் கிழிக்கப் போவதாக நினைத்தவன் பரணிதரன். இந்தப் பதினோரு வருஷத்தில் செத்த வீட்டில் எந்த மூலையில் நின்றால் அழுகை நன்றாக விழும் என்பதைத்தான் கற்றிருந்தான்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் உக்காந்து எந்திரிச்சிடுங்க. சும்மா படத்துக்குத்தான்."

"அவுங்கதான் ஒத்துக்கிட்டாங்களே சார். இப்ப ஒக்காந்தா தப்பாயிடாது?"

டிவியில் வந்தால்தான் கொடுத்த வாக்கை மாற்ற மாட்டார்கள் என்று நயமாகச் சொன்னான். சரக்கைத் தள்ளிவிடுகிறவனின் நயம் அது. வேணி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இரண்டு லாரிகள் நின்றன. ஃபிரேம் நன்றாக நிறைந்தது.

உடனே நேரலை. ஏன் மீண்டும் மறியல் என்று செய்தி வாசிக்கிறவர் கேட்டார். நான்தான் உட்காரச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் ஊறிப்போயிருந்த வாசகம் முந்திக்கொண்டது.

"பேச்சுவார்த்தையில் உடன்பாடு எட்டப்படாத நிலையில், பொதுமக்கள் மீண்டும் சாலை மறியலில் ஈடுபட்டுள்ளனர்."

சற்று நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. தாசில்தார் டிவியைப் பார்த்துவிட்டாராம். உடன்பாடே இல்லை என்றான பிறகு யாருக்கு என்ன வாக்கு என்று கேட்டாராம். பரணிதரன் இன்ஸ்பெக்டரிடம் ஓடி நடந்ததைச் சொன்னான். அவர் நிதானமாகக் கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்களே தம்பி. இனிமே நான் என்னத்த எழுதறது?"

வேணியை ஏற்றினார்கள். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வாசல்வரை வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பாமல் கொசுறு போடுகிறவளைப் போல அவள் சொன்னாள்:

"இதையும் எடுத்துக்கங்க சார். அப்புறம் கெடைக்காது."

அவன் கேமராவைத் தூக்கிப் படம் எடுத்தான். வேனின் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் தெளிவாக விழுந்தது. அனுப்பியும் வைத்தான். சென்னையிலிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

நின்ற லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு கிளம்பின. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் ரோட்டோரம் ஒதுங்கி ஒதுங்கி வந்துகொண்டிருந்தார்கள்.