பாம்பு ஓடையில் கழற்றிய சேணம்

எங்கள் பார்துபிட்ஸே ஊரில் ஒரு ஜாக்கியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எத்தனை பந்தயம் ஜெயித்தான் என்று கேட்பதில்லை. "முடிச்சவனா?" என்றுதான் கேட்பார்கள். அக்டோபர் மாதத்துப் பெரிய பந்தயத்தில் ஜெயிப்பது அதிர்ஷ்டக்காரன் சமாச்சாரம். ஏழு கிலோமீட்டரையும், முப்பது சொச்சம் வேலிகளையும் பள்ளங்களையும், குளம்பு புதையும் உழவு வயல்களையும் கடந்து குதிரையோடு வந்து சேர்கிறவன், கடைசியாக வந்தாலும், ஆம்பளை. நடுவில் விழலாம். குதிரையைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அதற்குத் தடை கிடையாது. மூன்று முறை விழுந்தெழுந்து, சேற்றுப் பொம்மையாக வந்து சேர்ந்தவனுக்கு, ஜெயித்தவனைவிட அதிகமாகக் கைதட்டிய ஊர் இது.

மைதானத்துக்கு எதிரே இருந்த பீர்க்கடையில் ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதில் முடித்தவர்கள் மட்டும்தான் உட்காரலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. வெந்தெலின் பெரிய பந்தயத்தில் நான்கு முறை புறப்பட்டவன், ஒரு முறைகூட வந்து சேராதவன். முப்பத்தேழு வயதிலும் நின்றுகொண்டேதான் குடித்தான். உட்காரச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டான். மனுஷனுக்கு ரோஷம் அப்படி.

அவனுடைய அக்கா லிபூஷே அவன் குதிரை ஓட்டிய அரசுப் பண்ணையின் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வாய் குறைவு, கை அதிகம். காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு குதிரையின் முன்காலையும் முழங்காலிலிருந்து கீழே தடவிக்கொண்டே வருவாள். பின்பக்கம் ஓடுகிற தசைநார் குளிர்ந்து விறைப்பாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் உண்டு. கொஞ்சம் சூடு தட்டினாலும் கிடையாது. லாயத் தலைவர் பர்தோஷ்கூட அவள் கை சொன்ன பிறகுதான் வாய் திறப்பார்.

நான் சொல்லப்போகும் பந்தயத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் யாவோர் என்ற குதிரைக்கு இடது முன்கால் நார் வீங்கியது. ஒன்பது வயது, கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. நார் போன குதிரைக்கு எங்கள் பக்கத்தில் போகிற இடம் கசாப்புக்கடைதான். அதை மூடி மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது. லிபூஷே பர்தோஷிடம் ஒரு குளிர்காலம் மட்டும் தரச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் லாபே ஆற்றில் குதிரையை முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, ரப்பர் பூட்ஸோடு தானும் பக்கத்தில் நின்றாள். பிறகு வினிகர் குழைத்த களிமண்ணைப் பற்றுப் போட்டுக் கட்டுவாள். இரண்டு மாதம் கையில் பிடித்து நடை. அடுத்த இரண்டு மாதம் மெல்லோட்டம். குதிரைக்குச் சளி பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்தது.

"கல்யாணம் பண்ணியிருந்தாக்கூடப் புருஷன் காலை நீ இவ்வளவு தடவியிருக்க மாட்டே" என்றாள் கூட வேலை பார்த்த யர்மிலா.

"புருஷன் காலைத் தடவி என்னடி பண்றது? அவன் முப்பது வேலி தாண்டப் போறானா?"

யாவோர் தேறினான். ஆகஸ்டில் ஓடினான், செப்டம்பரில் தகுதிப் பந்தயத்தையும் முடித்தான். அவன் மேல் ஏறுகிறவன் வெந்தெலின் என்று பண்ணையில் முடிவாயிற்று.

பந்தயத்தன்று காலை தீவனத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துவிட்டு, லிபூஷே குனிந்து அந்தக் காலைத் தடவினாள். தம்பி பின்னால் வந்து நின்றான்.

"எப்படிக்கா இருக்கு?"

"ஈரக்கல்லு மாதிரி இருக்கு. நல்லாருக்கான்."

"பர்தோஷ் சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் இவனுக்கு வேற ஆளாம். எனக்கு இதான் கடைசி."

"தெரியும்."

"ஜெயிக்கணும்னு இல்லக்கா. வந்து சேர்ந்துட்டா போதும். செத்தா என் பேரு பக்கத்துல 'முடிச்சவன்'னு ஒரு வார்த்தை இருக்கணும்."

"விடிஞ்சதும் விடியாததுமா சாவைப் பத்திப் பேசாதடா. போய் ஒரு டீ குடி. ரம் ஊத்தாம."

பதினான்கு குதிரைகள் புறப்பட்டன. தம்பியைத் தூக்கிச் சேணத்தில் ஏற்றிவிட்ட கையோடு, லிபூஷே மற்ற லாயத்து ஆட்களுடன் மைதானத்தின் நடுப்பகுதிக்கு ஓடினாள். நான்காவது தடையான தாக்சிஸை நெருங்கும்போது ஐம்பதாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். அது எப்போதும் அப்படித்தான். ஆளுயர வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்து மீட்டர் பள்ளம் காத்திருக்கிறது. குதிரைக்கு அது தெரியாது, ஜாக்கிக்குத் தெரியும். மூன்று குதிரைகள் உருண்டன. யாவோர் தாண்டிவிட்டான். லிபூஷேவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உழவு வயல்கள் மிச்சப் பேரை அரைத்து எடுத்தன. ஒன்று களைத்து நின்றது, இன்னொன்று வேலிமுன் முரண்டு பிடித்தது, மற்றவை விழுந்தன. பாம்பு ஓடை என்ற தண்ணீர்த் தடைக்கு வரும்போது முன்னால் நான்கு குதிரைகள், ஐந்தாவதாக யாவோர். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. நான்கு கால் பாய்ச்சல்கூட வேண்டாம், நிதானமாக ஓடிவந்தாலே போதும். லிபூஷே ஓடைக்கரையில் நின்றிருந்தாள். தண்ணீரைத் தாண்டி யாவோர் தாழ்ந்த கரையில் இறங்கிய அதே நொடியில், ஆளை உதறிவிட்டுத் தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செங்குதிரை குறுக்கே வெட்டியது. யாவோர் முழங்காலில் சரிந்தான். வெந்தெலின் அவன் தலைக்கு மேலே பறந்து சேற்றில் விழுந்தான்.

குதிரை எழுந்துகொண்டது. லிபூஷே கடிவாளத்தைப் பிடித்துவிட்டாள். வெந்தெலினும் எழுந்து ஓடிவந்தான். எலும்பு எதுவும் முறியவில்லை.

"அக்கா, தூக்கி விடு."

அவள் குனிந்து இடது முன்காலைத் தொட்டாள். பின்பக்கம் சூடு. விரலுக்கடியில் ஒரு புடைப்பு, போன நவம்பரில் இருந்த அதே இடத்தில்.

"பொறுடா."

"பொறுக்க எங்க நேரம்? அவன் காலை ஊணித்தான் நிக்கிறான், பாரு. பத்தடி நடத்திப் பாத்துட்டு ஏறுறேன்."

"நடப்பான். இப்ப ஓடவும் செய்வான். ரத்தம் கொதிச்சுட்டு இருக்கு, வலி தெரியாது. அடுத்த வேலில அறுந்துடும்."

"அறுந்துடும்னு நிச்சயமா தெரியுமா உனக்கு?"

நிச்சயமாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம் விரலுக்கடியில் இருந்த அந்தச் சூடு ஒன்றுதான். தம்பி அங்கவடியில் காலை வைக்கப்போனான். இனிமேல் பேச்சுக்கு இடமில்லை என்று அவளுக்குப் பட்டது. கை சேணத்துக்கு அடியில் போயிற்று. மேல் வாரை அவிழ்த்தாள், வயிற்று வாரையும் அவிழ்த்தாள், சேணத்தை இழுத்துச் சேற்றில் போட்டுவிட்டு, குதிரையை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

வெந்தெலின் கத்தவில்லை. "என்ன காரியம் பண்ணிட்டேக்கா" என்று மட்டும் சொன்னான். பிறகு சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, மைதானத்தைக் குறுக்கே நடந்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த வருஷம் நான்கு பேர்தான் முடித்தார்கள். ஐந்தாவது இடம் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று பீர்க்கடையில் அன்று சாயங்காலமே பேச்சு.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் ஹாலா வந்தபோது லிபூஷே களிமண் பற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீக்கம் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. முடியை விலக்கிப் பார்த்தால், தோலில் பிறை மாதிரி ஒரு கன்றிய கோடு. ஹாலா அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். யாவோர் காலை இழுக்கவில்லை.

"இது நார் இல்ல லிபூஷே. அந்தச் செங்குதிரையோட குளம்பு பட்டிருக்கு. மேல்தோல்ல அடி, அவ்வளவுதான். ஓடவிட்டுக் காட்டு."

கல் பாவிய முற்றத்தில் ஓடவிட்டாள். நான்கு குளம்புகளும் ஒரே சீராகத் தட்டின.

"நேத்து ஓடியிருக்கலாமா டாக்டர்?"

ஹாலா காதைச் சொறிந்தார். "ஓடியிருக்கலாம். ஆனா அந்த எடத்துல, அந்த நேரத்துல, எனக்கே தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. ரெண்டு வாரம் நல்லாக் கட்டுப் போட்டு வை. நார் லேசா இழுத்திருக்குன்னு நான் எழுதித் தர்றேன். யாரு வந்து அவுத்துப் பாக்கப் போறா? பர்தோஷும் திட்ட மாட்டாரு, உன் தம்பிக்கும் மனசு ஆறும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவர் போனதும் லிபூஷே கட்டுத்துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அவளை யோக்கியசிகாமணியாகக் காட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. அவள் சுற்றினாள். முக்கால்வாசி சுற்றியும் விட்டாள். அப்போதுதான் வாசலில் வெந்தெலின் வந்து நின்றான். முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது.

"போச்சா?" என்றான் கட்டைப் பார்த்து. குரலில் நேற்றைய கோபம் இல்லை. "விடுக்கா. ராத்திரி முழுக்க யோசிச்சேன். கால் போறதா இருந்தா நீ செஞ்சது சரிதான். ஆத்துல குளிர்ல நின்னவ நீ. எனக்கென்ன, ஏறி உக்காந்தவன். மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன்."

லிபூஷே துணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் திட்டியிருந்தால் பொய் சுலபமாக வந்திருக்கும். மன்னிப்புக் கேட்டு நிற்கிறவன் முகத்தைப் பார்த்து அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. சுற்றியதை அவிழ்த்தாள்.

"கால்ல ஒண்ணும் இல்லடா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"வெறும் அடி. நான் தப்பாப் பாத்துட்டேன். நீ ஏறியிருந்தா முடிச்சிருப்பே."

 வெந்தெலின் ஓடவிடச் சொன்னான். அவள் முற்றத்தில் ஒரு முறை ஓடவிட்டாள். இன்னொரு முறை கேட்டான். அதையும் செய்தாள். அவன் குதிரையின் காலையே பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"மறுபடியும் அப்படி ஒரு சூடு கைல தட்டுப்பட்டா என்ன பண்ணுவே?"

"கழட்டிடுவேன்."

அவன் தலையை ஆட்டினான். சரி என்று ஆட்டினானா, போதும் என்று ஆட்டினானா, தெரியவில்லை.

"பொய் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான். "நம்பியிருப்பேன். செத்துப்போற வரைக்கும் நிம்மதியா இருந்திருப்பேன்."

"நானும்தான்டா."

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். குளிர்காலம் முழுக்க அந்த லாயத்துப் பக்கம் வரவில்லை.

அவன் போன பிறகு லிபூஷே யாவோரை இன்னொரு முறை, யாரும் கேட்காமலே, முற்றத்தில் ஓடவிட்டாள். காலில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி இழந்ததை நினைத்தும் மறைக்க முடியாத, நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அதற்காகத்தான் அவள் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.