அலுமாரிக் கதவு சொன்ன பதில்

ஷாமிலாவின் வீட்டுக்கு வந்த, சமையல் சாமான் வைக்கிற பென்ட்ரி அலுமாரிக்கு ஆறு கதவுகள். ஆறும் ஆறு விதமாகச் சத்தம் போட்டன. கொழும்பில் ஒரு பெரிய வீட்டை உடைத்துக் கட்டியபோது, அங்கே கூலிக்கு நின்ற அவள் புருஷன் விஜிதரன் கேட்டு வாங்கி, மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில் ஏற்றி வட்டவளைக்கு அனுப்பிவைத்தது அது. தேயிலைத் தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், அவள் காம்பிராவுக்குள் அதை மாட்ட ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டு ராக்காயியின் அடுப்படி.

சுவர் என்று பெயர்தானே தவிர, அது கூரை வரைக்கும் போகாது. ராக்காயி மிளகாய் தாளித்தால் ஷாமிலா தும்முவாள். ராக்காயி தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். அவள் மகன் நிரோஷன் அட்டனில் ஒரு கடையில் நிற்கிறான், ஞாயிறும் வேலை. வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது, பேச வேண்டுமென்றால் பின்னாலிருக்கும் பாறையில் ஏற வேண்டும். ஆகவே அவசரத்துக்கு எல்லா வீட்டுக்கும் சுவர்தான். மூன்று தட்டு தட்டினால் 'வா' என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு தட்டு, 'வர்றேன்'. பதில் கிடைத்த பிறகு வேறு யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், வருகிறவளை நம்பாத மாதிரி ஆகிவிடும்.

அலுமாரி வந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற பீலியில் நாலு பெண்கள் நிற்கும்போது ராக்காயி சொன்னாள்: "நம்ம ஷாமி சமைக்கிறாளா, கல்லு ஒடைக்கிறாளான்னே தெரியலடி."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வீட்டுக்கு வந்த முதல் நல்ல சாமானைப் பற்றி ஊரே சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஷாமிலாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பருப்பு டின்னை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். 'டம்' என்றது. கொஞ்ச நேரத்தில் சுவரில் தட்டு கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

எண்ணத் தெரியாதவள் இல்லை ஷாமிலா. மூன்று என்பது நன்றாகவே கேட்டது. ஆனாலும், 'சத்தம் போடாதேன்னு தட்டுறியா, இரு' என்று அதே கதவை அகலத் திறந்து, கையில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்து அறைந்தாள். உள்ளே கோப்பைகள் குதித்தன. அதற்குப் பிறகு சுவரில் சத்தமே இல்லை. அடங்கிவிட்டாள் என்ற திருப்தியோடு பருப்பைக் களைந்து அடுப்பில் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தூறல் போட்டது. காயப்போட்ட துணிகளை அள்ள ஓடியவளுக்கு, திறந்து கிடந்த ராக்காயி வீட்டுக்குள் ஒரு கால் மட்டும் தெரிந்தது. போய்ப் பார்த்தாள். அடுப்படியில் சுவரோரமாக ராக்காயி ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, கண் பாதி செருகி, முகமெல்லாம் வேர்வை.

கூச்சல் போட்டு ஆள் சேர்த்ததும், ஓட்டோ பிடித்ததும், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனதும் ஷாமிலாதான். லயம் முழுக்க அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நிரோஷன் கையெடுத்தே கும்பிட்டுவிட்டான். "அண்ணி, நீங்க பாக்காட்டி எங்கம்மா இல்ல." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "அழுவாத தம்பி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து அலுமாரியைப் பார்க்கவே கூசியது. சத்தத்தையாவது ஒழிப்போம் என்று ஒரு கத்தியும் திருப்புளியுமாக உட்கார்ந்தாள். கீல்களில் பாதித் திருகாணிகள் ஆடின. இறுக்கி, தேங்காயெண்ணெய் விட்டாள். கிறீச் நின்றது, 'டம்' நிற்கவில்லை. பழைய பாட்டா செருப்பை வட்டமாக வெட்டி மூலைகளில் ஒட்டினாள். செருப்பு தடிப்பு; கதவு முழுசாகச் சாத்த மறுத்து ஈயென்று இளித்தது. அதைப் பிய்த்துவிட்டு, ஓட்டோ டியூப்பில் ஒரு துண்டு வாங்கி, விரல்நகம் அளவுக்கு நறுக்கி, கதவுக்கு இரண்டாக ஒட்டினாள். அப்புறமும் டின்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. உள்ளே அடுக்குக்கு அடுக்கு பழைய சேலைத் துணியை மடித்து விரித்தாள்.

பாறையில் ஏறி விஜிதரனிடம் பேசியபோது அவன் சிரித்தான். "தானா மெதுவா மூடுற கீல் இங்க இருக்கு புள்ள, வாங்கியாரவா?"

"வேணாங்க. நானே செஞ்சாத்தான் ஆகும்."

"என்னா, நேர்த்திக்கடனா?"

அவள் போனை வைத்துவிட்டாள். மூன்று வாரத்தில் ஆறு கதவும் பூனை மாதிரி மூடின. அவள் மனசு மட்டும் அடங்கவில்லை. மறுபக்கம் ஆளே இல்லாத சுவருக்காக இவ்வளவு மெதுவாகக் கதவைச் சாத்துகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் குத்தியது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் ராக்காயியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். நிரோஷன் கட்டிலை நடுச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தான். "அண்ணி பக்கத்துலயே இருக்கட்டும், தட்டுனா கேக்கும்" என்றான். ஷாமிலா ரசச் சோறு கரைத்துக்கொண்டு போனாள்.

"வந்ததுலருந்து ஒங்க வீட்டுக் கதவு சத்தத்தையே காணோமே?" என்றாள் ராக்காயி.

"ரப்பர் ஒட்டிட்டேன் அத்தே."

"அடி கிறுக்கி! நான் வெளையாட்டுக்குச் சொன்னத மனசுல வச்சிக்கிட்டியா?" ராக்காயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "அன்னைக்கு விழுந்தவொடன தட்டுனேன் தம்பி. டொம்முன்னு பதில் குடுத்தா. இனி பயமில்ல, ஷாமி வந்துருவான்னு கைய எடுத்துட்டேன். இல்லாட்டி கத்தியிருப்பேன், அந்தப் பக்கம் பொன்னையா வீட்டுக்காவது கேட்டிருக்கும். நெனவு தப்பிருச்சு, அதான் எப்ப வந்தான்னு தெரியல. ஒடனே வந்திருப்ப, என்னா புள்ள?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்க நல்லவளாகவே இருந்துவிடலாம். ஷாமிலாவுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. பிடித்திருந்த கையின் சூடுதான் அவளைப் பொய் சொல்ல விடவில்லை.

"அது பதில் இல்ல அத்தே" என்றாள். "கோவத்துல கதவ அடிச்சேன். மூணு தட்டுன்னு கேட்டுச்சு. கேட்டும் வரல. துணி எடுக்க வந்தப்பதான் பாத்தேன்."

நிரோஷன் எழுந்து நின்றுவிட்டான். ராக்காயி கையை விடுவித்துக்கொண்டாள்.

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டு மணித்தியாலம்."

"கொஞ்ச நேரம் எனக்கு நெனவு இருந்துச்சு" என்றாள் ராக்காயி. "ஒங் காலடிச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன்."

ஷாமிலா அழுதாள். ராக்காயி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. சோற்றை வாங்கிச் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"தம்பி, கட்டில பொன்னையா வீட்டுச் சுவத்துப் பக்கம் மாத்திப் போடு."

"அத்தே..."

"கோவமில்ல புள்ள. சொல்லணும்னு ஒனக்குத் தோணுச்சே, அது போதும். ஆனா படுத்துக் கெடக்கிறவளுக்கு, தட்டுனா வருவாங்கன்னு நிச்சயமாத் தெரியணும்ல."

அவளை மெல்ல நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நிரோஷன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தான். கால்மாட்டைப் பிடிக்க வேறு ஆளில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஷாமிலாதான் பிடித்துத் தூக்கினாள்.