புட்டிக்குள் பெய்த பனி

உலகில் மாசற்ற பொருள்கள் மூன்று: கண்ணாடி, பனிக்கட்டி, வால்டெமார் கிராப் வடிக்கும் கிம்மல். முதல் இரண்டிலும் சில குறைகள் உண்டு.

இப்படிச் சொன்னவர் வால்டெமார் கிராப்தான். அலாஷ் பண்ணை வடிசாலைக்கு அவர் தலைமை. சீமைச் சீரகம் ஊறவைத்து வடித்த அந்த மதுவின் வழியே செய்தித்தாள் படிக்கலாம், படித்தும் காட்டுவார். பாகு காய்ச்சும் தார்த்தா இனிப்பைக் கூட்டலாமா என்று கேட்டால் மட்டும் முகம் சுளிப்பார்.

"சர்க்கரை பல்லில்லாதவங்களுக்கும் பாதிரியாருக்கும். ஆம்பளைக்குச் சீரகம் போதும்."

அந்த ஆண்டுச் சீரகம் நாக்கைக் கடித்தது. ரீகா நகர வணிகர்கள் ருசி பார்க்கும் நாள் நெருங்கவே, தார்த்தா அவரிடம் சொல்லாமல் பாகில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். அறுபது புட்டிகள் வைக்கோலில் படுத்து, சறுக்குவண்டியில் ஒன்றரை நாள் உறைகுளிரில் போயின. இருவரும் கூடவே போனார்கள்.

ரீகாவில் வைக்கோலை விலக்கினால், ஒவ்வொரு புட்டியிலும் சர்க்கரை கற்கண்டாக அப்பியிருந்தது.

"எவ்வளவு போட்ட?"

"வேணுங்கிற அளவு, எசமான்."

"வேலையும் போச்சு, தங்குற அறையும் போச்சு. ஊர் திரும்பினதும் மூட்டையைக் கட்டு."

வெளியே மூக்கு உறையும் குளிர். வணிகர்கள் கூடும் அறையில், தார்த்தா வேறு வழியின்றி அந்தப் புட்டிகளையே சன்னலோர மேசையில் அடுக்கினாள். கிராப் மூன்றடி தள்ளி, மேசைக்கு உறவில்லாதவராக நின்றார்.

கப்பல் முதலாளி ஒருவர் புட்டியைத் தூக்கினார். வெயில் கற்கண்டில் பட்டு அவர் தாடியெல்லாம் மின்னியது.

"யாரும்மா இது, புட்டிக்குள்ள பனி பெய்ய வெச்சது?"

"நான்தாங்கய்யா. பாகைக் கெட்டியாக் காய்ச்சிக் குளிர்ல விட்டா, அதுவே பெஞ்சுக்கும்."

குடித்தார். மீண்டும் ஊற்றச் சொன்னார். பிறகு நண்பர்களைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் அறுபதும் காலி.

"ஐந்நூறு அனுப்புங்க. பனி இல்லாத புட்டி வந்தா திரும்பி வந்துடும்."

கிராப் மூன்றடியையும் கடந்து வந்தார். "இது எங்க வடிசாலையோட ரொம்ப நாள் ரகசியம்."

"எத்தனை நாளாம், எசமான்?" என்றாள் தார்த்தா. "என் அறைக்குக் கணப்பு ஒண்ணு வேணும்."

"போட்டுடலாம்," என்றார் கிராப், அவளைப் பார்க்காமல்.

அலாஷில் ஐந்நூறுக்கான பாகு கொதித்தது. விறகெடுத்துத் திரும்பிய தார்த்தா வாசலில் நின்றுவிட்டாள். கொப்பரை முன் கிராப் மட்டும் இருந்தார். பாகை விரலில் தொட்டு நக்கினார். யோசித்தார். பிறகு இரண்டு கை சர்க்கரையை உள்ளே சத்தமில்லாமல் நழுவவிட்டார்.