தரையில் நின்றபடி ஏறிய உயரம்

பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ரோவீனாவுக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது ஐம்பத்திரண்டு வயதில். கை சீக்கிரம் பழகிவிட்டது. வானிலைப் பாடம்தான் மண்டையில் ஏறவில்லை. தேர்வில் இரண்டு முறை தோற்றாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே கணவன் லாயல், கோதுமை விவசாயி, அதே புத்தகத்தை உட்கார்ந்து படித்தான். தேநீரைக் கரண்டியால் கலக்கிக் காட்டி, தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று பூமத்திய ரேகைக்குத் தெற்கே நம் பக்கத்தில் இப்படித்தான் வலமாகச் சுழலும் என்பான். அவளும் தலையாட்டுவாள். மறுநாள் மறந்துபோகும்.

அந்தச் சனிக்கிழமை, தன் ஊர் உடினாவிலிருந்து கிளீவ் என்ற ஊருக்கு அவள் முதன்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். அங்கே அவளை வரவேற்க லாயல் விடியற்காலையிலேயே காரில் கிளம்பிவிட்டான்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் ரோவீனா உயரமானியைப் பார்த்தாள். முந்தின நாள் மாலை ஓடுதளத்தின் உயரத்துக்குச் சரியாகத் திருப்பி வைத்திருந்தாள். இப்போது இருநூறு அடி கூடக் காட்டியது. விமானமோ கட்டிய கயிற்றோடு அங்கேயே நின்றது. கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். உயரமானி அளப்பது காற்றழுத்தத்தைத்தான் என்பது பிறகு உறைத்தது. ஏறியது விமானமில்லை, இறங்கியது காற்றழுத்தம்.

கீழே இறங்கி நின்றாள். வடக்கிலிருந்து அனல்காற்று முகத்தில் அடித்தது. காற்றைப் பார்த்து நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம். அதாவது மேற்கே. அங்கிருந்துதான் குளிர்காற்று முட்டிக்கொண்டு வரும். முன்னறிவிப்பு சாயங்காலம் என்றது. இவ்வளவு வேகமாக அழுத்தம் விழுந்தால் அதுவரை பொறுக்காது என்று அவளுக்குத் தோன்றியது. பயிற்சியாளர் ஹெதர் முடிவை அவளிடமே விட்டாள்.

ரோவீனா லாயலைக் கைபேசியில் கூப்பிட்டாள். "நான் வரல. அழுத்தம் மளமளன்னு விழுது."

"எந்தப் பக்கம்?"

"மேற்கே."

"புத்தகத்தப் பாத்தா சொல்ற?"

"இல்ல. காத்தப் பாத்து."

"அப்ப உனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றான் லாயல். "இனி அந்தப் புத்தகத்த நான் படிக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

பன்னிரண்டரைக்கே காற்று திசை மாறி, சிவந்த புழுதி ஊரை மூடியது. புழுதிக்குள் ஊர்ந்து வீடு வந்த லாயலிடம், உயரமானி கதையை அவள் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் புதிதாகக் கேட்பவன்போலக் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ரோவீனா கிளீவில் அலுங்காமல் இறங்கினாள். லாயல் காருக்குள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனமில்லாமல், பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.